குழு எடுத்த படம், ஒருவர் பெயரில்

ஓசூரை ஒட்டிய ஒரு கல்லூரியில் குறும்படப் போட்டிக்கு நடுவராக உட்கார நேர்ந்தது. கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. வேறு எந்தக் கல்லூரியாக இருந்திருந்தாலும் நான் எழுதப்போவது மாறியிராது. விஷுவல் கம்யூனிகேஷன் இறுதியாண்டு மாணவர்கள் ஐந்தாறு பேராகச் சேர்ந்து பத்து நிமிஷத்துக்குள் ஒரு படம் எடுக்க வேண்டும். அதுதான் அவர்களுடைய குழு ப்ராஜெக்ட். பதினோரு குழுக்கள், பதினோரு படங்கள். வங்கிக் குமாஸ்தாவான என்னை அழைத்ததற்குக் காரணம், சிறுபத்திரிகைகளில் சினிமா பற்றி நாலைந்து கட்டுரைகள் எழுதியவன் என்பதைவிட, அன்று இரண்டாவது சனிக்கிழமை, எனக்கு விடுமுறை என்பதாகவே இருக்க வேண்டும். மற்ற நடுவர்கள் இருவர்: தொலைக்காட்சித் தொடர்களில் வேலை பார்க்கும் ஓர் உதவி இயக்குநர், வேறொரு கல்லூரியின் பேராசிரியர்.

பதினோரு படங்களில் ஒன்பதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒருதலைக் காதல், அம்மாவின் தியாகம், மூன்று தற்கொலைகள், கடைசி முப்பது வினாடியில் எல்லாம் கனவு என்றோ, கதாநாயகன் செத்துப்போனவன் என்றோ ஒரு திருப்பம். ஏழு படங்களில் ட்ரோன் பறக்கிறது. சந்திரசூடேஸ்வரர் மலை, ரோஜாத் தோட்டம், நெடுஞ்சாலை மேம்பாலம் எல்லாம் மேலிருந்து தெரிகின்றன. மேலிருந்து பார்த்தால் ஓசூர் அழகான ஊர்தான். ஆனால் அந்த உயரத்திலிருந்து எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும்.

இந்த ஊரில் ஒரு தெருவைக் கடப்பதற்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் காதில் விழுந்துவிடும். என் கவுண்டருக்கு வருகிறவர்கள் தெலுங்கில் பணத்தை எண்ணி, தமிழில் என்னோடு சண்டை போட்டு, கன்னடத்தில் பக்கத்து ஆளிடம் சிரிக்கிறவர்கள். இப்போது இந்தியும் ஒடியாவும் சேர்ந்திருக்கின்றன. மாநில எல்லை அத்திப்பள்ளிக்கு அருகே இருக்கிறது. வீடுகளுக்குள் அப்படியொரு கோடு கிடையாது. ஆனால் இந்தப் பதினோரு படங்களில் பத்தில் எல்லோரும் பேசுவது சினிமாக் கொட்டகையில் பொறுக்கிய மதுரைத் தமிழ். ஒரு பையனைக் கேட்டேன்: 'வீட்ல என்னப்பா பேசுவீங்க?' 'தெலுங்கு சார்.' 'படத்துல ஏன் அது இல்ல?' 'அப்படி எடுத்தா எடுபடாது சார்.' எங்கே எடுபடாது என்றேன். சென்னையில் என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. மாணவன் எடுக்கும் படம் யாருக்காக எடுக்கப்படுகிறது என்ற கேள்விக்கு அந்த ஒற்றை வார்த்தையில் பதில் இருக்கிறது. குறும்படம் இன்று ஒரு விசிட்டிங் கார்டு. தயாரிப்பாளரின் மேஜையில் வைப்பதற்கு அச்சடித்த அட்டை. இது தானாக நேர்ந்துவிடவில்லை. 2009இல் கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' தொடங்கியது. அதன் வழியாக வந்தவர்கள் சினிமாவுக்குள் நுழைந்தார்கள். கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா' 2012இல் வந்தது. நலன் குமாரசாமியின் 'சூது கவ்வும்' 2013இல். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' குறும்படமாக இருந்து 2012இல் முழுப்படமாயிற்று. 'முண்டாசுப்பட்டி'யும் அப்படியே 2014இல். இவற்றில் சிலவற்றை நான் ரசித்தே பார்த்தேன். பழைய உதவி இயக்குநர் முறையில் பத்து வருஷம் டீ வாங்கிக் கொடுத்துக் காத்திருந்தவர்களுக்கு ஒரு மாற்றுவழி திறந்தது என்பதையும் மறுக்கவில்லை.

மாதச் சம்பளம் வாங்குகிறவன் கலையின் பரிசுத்தம் பற்றிப் பேசுவது சுலபம், மாணவனுக்குப் பிழைப்பு வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆகவே கலையை விட்டுவிட்டுப் பிழைப்பின் கணக்கையே பார்ப்போம். கணக்குப் பார்ப்பது என் தொழில். ஒரு படத்தில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். விசிட்டிங் கார்டில் அச்சாகும் பெயர் ஒன்று. படத்தின் தொடக்கத்தில் 'இன்னாரின் படம்' என்று முழுத்திரைக்கு ஒரு எழுத்து வருகிறது. மற்ற ஐந்து பேர் கடைசியில், நன்றி அறிவிப்புகளோடு, படிக்க முடியாத வேகத்தில் மேலேறிப் போகிறார்கள். பிழைப்புக்குத்தான் படம் என்றால் ஐந்து பேரின் உழைப்பு ஒருவன் பிழைப்புக்குப் போய்ச் சேர்கிறது. குழு ப்ராஜெக்ட் என்ற பெயரில் நாம் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

யார் அந்த ஒருவன்? பதினோரு குழுக்களிலும் விசாரித்தேன். எட்டில், சொந்தமாகக் காமிரா வைத்திருந்தவன், அல்லது அதை வாடகைக்கு எடுக்கப் பணம் கொடுத்தவன். பெண்கள் உடையலங்காரத்துக்கும், அடுத்த ஷாட்டில் வளையல் எந்தக் கையில் இருந்தது என்று குறித்துவைப்பதற்கும் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். ஒலிப்பதிவு யாருக்கும் வேண்டாத வேலை. லாரிகளும் கம்பெனிச் சங்குகளும் ஓயாத இந்த ஊரில் ஒலியைக் கேட்க ஒரு ஆளில்லை. பின்னணி இசையை ஊற்றி மெழுகியிருக்கிறார்கள். மதிப்பெண் மட்டும் ஆறு பேருக்கும் சமம். இந்தச் சமத்துவமும் அபத்தம். வேலை செய்யாதவனைக் காப்பாற்றவும், செய்தவளை மறைக்கவும் அது ஒருசேரப் பயன்படுகிறது.

வேறு முறை இருக்க முடியாதா? 1960இல் தொடங்கிய புணே திரைப்படக் கல்லூரியில் டிப்ளமா படம் என்பதே ஒரு குழுவின் வேலை. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு படித்தவர்கள் ஒரே படத்தில் சேர்கிறார்கள். ஒவ்வொருவரும் அதில் தத்தம் கலைக்காகப் பரீட்சிக்கப்படுகிறார்கள். ஒலிக்காரன் அங்கே எடுபிடியல்ல. தமிழிலும் உதாரணம் உண்டு. அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்தவர்கள் கூட்டாகச் சேர்ந்து எடுத்த 'ஊமை விழிகள்' 1986இல் வெளிவந்து பெரிய வெற்றி பெற்றது. அன்று ஜனங்கள் அதை 'திரைப்படக் கல்லூரிப் பசங்க படம்' என்றுதான் சொன்னார்கள் என்று என் தகப்பனார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் படம் ஒரு வியாபார மர்மக் கதைதான்; அதைத் தாண்டி நான் எதுவும் உரிமை கொண்டாடவில்லை. ஆனால் 'பசங்க' என்ற அந்தப் பன்மை வியாபாரத்துக்குள்ளேயே ஒருமுறை சாத்தியமாயிற்று.

அதே 1986இல் மலையாளத்தில் ஜான் ஆபிரகாமின் 'அம்ம அறியான்'. புணேயில் படித்தவர், தமிழில் 1977இல் வெங்கட் சாமிநாதனின் திரைக்கதையில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தவர். ஒடெஸா என்ற கூட்டமைப்பு ஊர் ஊராகச் சென்று, சாப்ளினின் படத்தைத் திரையிட்டு, ஜனங்களிடம் சில்லறையாக வசூலித்த பணத்தில் அந்தப் படம் உருவாயிற்று. பணம் கொடுத்தவன்தான் இயக்குநர் என்ற நம் கல்லூரி விதியை அதற்குப் பொருத்திப் பாருங்கள். இயக்குநர் பட்டியல் எத்தனை பக்கம் போகும்?

ஆனால் ஓசூருக்கு மிக நெருக்கமான உதாரணம் பிரான்சில் இருக்கிறது. பெஸான்ஸோன் என்பது கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன ஊர். 1967இல் அங்கே ரோதியாசெத்தா என்ற செயற்கை நூல் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. பாரிஸிலிருந்து கிறிஸ் மார்க்கர், மரியோ மாரேயுடன் சேர்ந்து வந்து அதைப் பற்றி ஒரு படம் எடுத்தார். 1968இல் தொழிலாளர்களுக்கே அது திரையிட்டுக் காட்டப்பட்டது. அவர்கள் பாராட்டவில்லை. எங்களை வெளியிலிருந்து, பரிதாபமாகப் பார்த்திருக்கிறாய் என்றார்கள். பெண்கள் வெறும் மனைவிகளாக வந்து போகிறார்கள் என்றார்கள். மார்க்கர் கோபித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடவில்லை. அப்படியானால் நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். காமிராவும் பயிற்சியும் தொழிலாளர் கைக்குப் போயின. மெத்வெத்கின் குழு அப்படிப் பிறந்தது. 1932இல் ஒரு ரயிலையே ஸ்டூடியோவாக்கி, போகிற ஊரில் ஜனங்களைப் படமெடுத்து, வண்டியிலேயே கழுவித் தொகுத்து, அவர்களுக்கே போட்டுக் காட்டிய சோவியத் இயக்குநரின் பெயர் அது.

அந்தக் குழுவின் முதல் படத்தின் நடுநாயகம் ஸூஸான் ஸெதே என்ற பெண். மார்க்கரின் படத்தில் கணவன் பக்கத்தில் பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருந்தவள். 1969இல் வந்த இந்தப் படத்தில் யேமா கடிகாரத் தொழிற்சாலையின் தொழிலாளியாக, சங்கம் அமைக்கிறவளாக, பேசுகிறவளாக வருகிறாள். அதே பெண், அதே ஊர். காமிராவுக்குப் பின்னால் நின்றவர்கள் மாறினார்கள், அவள் பேசினாள்.

இங்கேயும் கடிகாரம் செய்கிறார்கள். 1984இல் டாட்டா குழுமமும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டனின் தொழிற்சாலை இந்த ஊரில்தான். அதற்கு முன்பே சிப்காட்டும், 1980இல் அசோக் லேலண்டும் வந்துவிட்டன. இன்று மின்னணுத் தொழிற்சாலைகளும், போச்சம்பள்ளியில் மின்ஸ்கூட்டர் தொழிற்சாலையும். கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமாயிற்று; ஓசூர் 2019இல் மாநகராட்சியாயிற்று. விடியற்காலையில் ராயக்கோட்டை சாலையில் நின்றால் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். உள்ளே சீருடை போட்ட பெண்கள், பெரும்பாலும் இந்த மாணவர்கள் வயதுதான், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகிறார்கள். சம்பளக் கணக்கு தொடங்க என்னிடம் வரும் விண்ணப்பங்களில் முகவரி ஒன்றே, பெயர்கள் அறுபது: ஒரே விடுதி. சொந்த ஊர்ப் பத்தியில் தர்மபுரி, நாகப்பட்டினம், ராஞ்சி. நான் ஐந்து வருஷமாக இந்தப் படிவங்களைப் பார்க்கிறேன். இவர்கள் முகம் ஒன்றுகூட எந்தக் குறும்படத்திலும் தென்பட்டதில்லை.

ஒரு படத்தைத் தவிர. பதினோராவது படம். மூன்று பெண்களும் ஒரு பையனும் கைபேசியில் எடுத்தது, ஏழு நிமிஷம். ஒரு விடுதியறை. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவள் காலணியைக் கழற்றுகிறாள். பகல் ஷிப்ட் போகிறவள் எழுந்து, அதே கட்டிலை அவளுக்கு விடுகிறாள். தெலுங்கில் நாலு வார்த்தை, இந்தியில் பதில். வெளியே பஸ்ஸின் ஹாரன். படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. ஊருக்கு போன் செய்து, சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்கிறாள். இசை கிடையாது. மின்விசிறியின் கடகட சத்தம் ஏழு நிமிஷமும் கேட்கிறது. அந்தச் சத்தத்தைக் கவனித்து, வேண்டுமென்றே விட்டுவைத்தவள் ஒலிப்பதிவுப் பொறுப்பில் இருந்த பெண் என்று பிறகு தெரிந்தது. தலைப்பில் 'இன்னாரின் படம்' இல்லை. நான்கு பெயர்கள், அகர வரிசையில், யார் என்ன செய்தார்கள் என்ற குறிப்போடு.

குறை இல்லாத படமல்ல. இரண்டு இடங்களில் ஒளி பாழ். போன் பேச்சு கொஞ்சம் எழுதி வைத்ததுபோல ஒலிக்கிறது. ஆனால் இதை இந்த ஊரில், இந்த நான்கு பேரைத் தவிர வேறு யாரும் எடுத்திருக்க முடியாது.

உதவி இயக்குநர் 'கதை இல்லையே' என்றார். பேராசிரியர் 'டாக்குமெண்டரி பிரிவு தனியாக இல்லை' என்றார். 'இயக்குநர் யார் என்றே தெரியவில்லை, கோப்பையை யாரிடம் கொடுப்பது?' என்ற பிரச்சினையும் எழுந்தது. நான் வாதாடினேன், ஒரு கால்மணி நேரம். பிறகு மணி ஆறாயிற்று, சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார், மூன்று நடுவர்களின் கையெழுத்தும் வேண்டும் என்று தாளை நீட்டினார்கள். மேம்பாலத்தின் மேல் ட்ரோன் பறந்து, கதாநாயகன் செத்தவன் என்று முடியும் படத்துக்கு முதல் பரிசு. கையெழுத்துப் போட்டேன். கையெழுத்து என்றால் என்ன என்பது, அதை ஒத்துப் பார்த்தே பிழைக்கிற எனக்கு மற்ற இருவரையும்விட நன்றாகத் தெரியும்.

வெளியே வந்தபோது அந்த நால்வரும் நின்றிருந்தார்கள். உங்கள் படம்தான் எனக்குப் பிடித்தது என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். ஒலிப்பதிவு செய்த பெண் கேட்டாள்: 'அப்போ ஏன் சார் கையெழுத்துப் போட்டீங்க?'

அதற்கு அன்று பதில் சொல்லவில்லை. இன்று சொல்வதானால், எனக்கு ஒருமித்த முடிவு என்ற சொல்லின் மேல் மயக்கம் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தால் அது ஒரு குழு, குழுவுக்கு ஒரே குரல் இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டேன். ஐந்து பேரின் பெயரை அழித்து ஒருவன் பெயரைப் போடும் மாணவனும் அதையே நினைக்கிறான். கருத்து மாறுபாட்டைத் தாளின் கீழே இரண்டு வரி எழுதியிருக்கலாம். வங்கித் தணிக்கையில்கூட அதற்கு இடமிருக்கிறது.

ஆகவே யோசனைகளாக அல்ல, கோரிக்கைகளாகவே சொல்கிறேன். குழுவாக எடுத்த படத்தில் ஒவ்வொருவர் வேலைக்கும் தனி மதிப்பெண் கொடுங்கள். ஒலிக்கும் தொகுப்புக்கும் தனிப் பரிசு வையுங்கள். ஒரு வாரத்தில் படம் கேட்காதீர்கள். சத்யஜித் ராய் விளம்பரக் கம்பெனி வேலையில் இருந்துகொண்டு 1952இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாணல் பூத்த வெளியில் படமெடுத்தார். அடுத்த ஞாயிறு போனபோது பூக்களை மாடுகள் தின்றிருந்தன. மறுபடி பூக்கும் பருவம்வரை அந்தக் காட்சிக்குக் காத்திருந்தார். எங்கள் ஊரின் பூ எது, அது எப்போது பூக்கும் என்று தெரிந்துகொள்ளவே ஒரு பருவமாவது வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் வருகிறவர்களுக்குப் படத்தை முதலில் காட்டுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். மார்க்கர் கேட்டுக்கொண்டார்.

அந்த விடுதிப் பெண்கள் ஏழு நிமிஷப் படத்தை இன்னும் பார்க்கவில்லை. பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் ஒன்றாக அறையில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானாம். ப்ரொஜெக்டர் ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன். வெள்ளை வேட்டி என்னிடம் இருக்கிறது.