காலடியில் மிச்சம் விட்ட வேலை

வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குக் கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதியை அறியாத தீவக மக்கள் இருக்க முடியாது. இரு புறமும் கடல், நடுவே ஒடுங்கிய வீதி. நயினாதீவுக்குப் போவோர் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைய இந்த வழியைத்தான் நம்பியிருக்கிறார்கள். சில மாதங்களுக்கு முன்னர் நானும் தங்கையின் கணவருடைய காரில் அவ்வழியே சென்றேன்.

எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட்டு வேகம் எடுத்த பின்னர், முன்னால் சைக்கிளில் ஒருவர் செல்வதைக் கண்டு அவர் அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுத்தார். வேகம் தணியவில்லை. எஞ்சின் முன்னிலும் அதிகமாக இரைந்தது. பிரேக்கை மிதித்தார், கார் திமிறிக்கொண்டு முன்னே இழுத்தது. "மச்சான், கிளட்சை மிதி, கிளட்சை மிதி!" என்று நான் கத்திய பிறகே அவருடைய இடக்கால் அசைந்தது. எஞ்சின் அலறியபடி இருக்க, கார் நின்றது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தம் வழியே போனார். எவ்வளவு அருகில் நாங்கள் வந்திருந்தோம் என்பது அவருக்குத் தெரிந்திராது.

மச்சானுக்குக் கிளட்ச் ஏன் நினைவுக்கு வரவில்லை? அந்தக் கார் பல ஆண்டுகளாக ஓட்டோ கியரில் ஓடியது. கியர்ப் பெட்டி பழுதடைந்தபோது அதே வகை ஓட்டோ பெட்டி கைக்கெட்டும் விலையில் கிடைக்கவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களுக்கு ஏறிய விலையை வாசகர்கள் அறிவார்கள். காரை விற்றுவிட்டு வேறு வாங்குவது நடவாத காரியம். எனவே கையால் மாற்றும் மனுவல் கியரைப் பொருத்திவிட்டார்கள். ரொறன்ரோவிலிருக்கும் மருமகன் பணம் அனுப்பினான்.

அந்த முடிவை நான் குறை கூறவில்லை. ஓட்டோ பெட்டியைத் திருத்தத் தெரிந்தவர்கள் சிலரே. மனுவல் பெட்டியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர் எந்தச் சந்தியிலும் இருப்பார். வேலையும் இலகுவானதன்று. எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தட்டைக் கழற்றிப் பாரமான சக்கரத்தைப் பூட்ட வேண்டும். கிளட்ச் மிதிக்கு இடம் செய்ய வேண்டும். அதன் அமுக்கத்தைக் கொண்டுசெல்லும் குழாய்க்காக முன்தகட்டில் துளையிட வேண்டும். பெட்டியைத் தாங்கும் பிடிகளை மாற்ற வேண்டும். இவற்றையெல்லாம் அந்தக் கராச் செம்மையாகவே செய்திருந்தது. கியர் வெண்ணெய்போல விழுந்தது.

மிதிகளைத்தான் எவரும் கவனிக்கவில்லை. ஓட்டோ காரின் பிரேக் மிதி அகலமானது. அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் கிளட்ச் மிதியைப் பொருத்தினால், மூன்று மிதிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பழைய ஓட்டோ கார்கள் பலவற்றில் அக்சிலறேற்றர்க் கம்பியின் அசைவை இன்னொரு கம்பி கியர்ப் பெட்டிக்கும் கொண்டுசெல்லும். பெட்டி போனால் அந்தக் கம்பியும் போகும். மிதியின் இழுவையும் மாறிவிடும். எங்கள் காரில் மிதி தளர்ந்து தாழ்ந்திருக்கிறது. அதை உயர்த்துவதற்கும் பிரேக்கிலிருந்து விலக்குவதற்கும் மிதித்தண்டை வளைத்து, நுனியில் இரும்புத் துண்டு ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். அத்துண்டின் கீழ்விளிம்பு இறப்பர் விரிப்பின் ஓரத்தில் கொளுவிக்கொண்டதுதான் நாங்கள் தாம்போதியில் கண்ட கோலம்.

இதைச் சொன்னபோது நண்பர் ஒருவர் சிரித்தார். "மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய சனம் நாங்கள், இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றார். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடை இறுகி, பெற்றோல் அரும்பொருளான காலம் எனக்கும் நினைவிருக்கிறது. ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சிறிதளவு பெற்றோல் ஊற்றி உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். புகை கண்ணை எரிக்கும். ஆயினும் நோயாளிகள் அவற்றில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்தக் கைவண்ணத்தை நான் என்றும் மதிப்பேன். ஆனால் ஒரு வேறுபாட்டை நண்பர் மறந்துவிட்டார். மண்ணெண்ணெய்க் கார் பிழைத்தால் நின்றுவிடும், இறங்கித் தள்ளலாம். மிதி பிழைத்தால் கார் நிற்காது. அன்று வேறு வழியில்லாமல் செய்ததை இன்று காசும் பொருளும் உள்ளபோது சாட்டாகச் சொல்வது அக்கால மெக்கானிக்குகளுக்கே செய்யும் அவமரியாதை.

இது எங்கள் ஊர்க் கராச்சுகளுக்கு மட்டும் உரிய குறையுமன்று. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே ஒரு லெக்ஸஸ் கார் கட்டுக்கடங்காமல் ஓடி நால்வர் மாண்டார்கள். காருக்கு உரியதல்லாத விரிப்பில் மிதி சிக்கிக்கொண்டது. அதன்பின் டொயோட்டா நிறுவனம் பல இலட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. செய்த திருத்தங்களுள் ஒன்று, மிதியின் நுனியை வெட்டிக் குறுக்கியது. உலகின் பெரிய நிறுவனமே வெட்டிக் குறுக்கிய நுனியை நாங்கள் ஒட்டி நீட்டியிருக்கிறோம்.

அரசின் பங்கும் உண்டு. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க எங்கள் கார்கள் புகைப் பரிசோதனைக்குப் போகின்றன. லொறிக்கும் பேருந்துக்கும் தகுதிச் சான்று கேட்கிறார்கள். தனியார் காருக்குக் கேட்பதில்லை. கியர்ப் பெட்டியே மாறிய காரையாவது ஒருமுறை பார்க்க வேண்டாமா? புகைக்குழாயைப் பார்ப்பவர் குனிந்து மிதியைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அதுவரை உரிமையாளர்தான் பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒருவர் மிதியை அடிவரை அழுத்த, மற்றவர் பொனெற்றைத் திறந்து பார்க்கட்டும். வால்வு முழுதாகத் திறக்கும் இடத்தில் மிதி தரையிலுள்ள தடுப்பில் முட்ட வேண்டும். இல்லையேல் காலின் பலமெல்லாம் கம்பியில் விழும். விட்டதும் மிதி தயங்காமல் மேலெழ வேண்டும். தீவகத்தின் உப்புக்காற்றில் கம்பியுறைக்குள் துருப்பிடிப்பதையும், மீட்கும் சுருள்வில் தளர்வதையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மிதி பிரேக்கைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். கோவிலுக்குப் போய் ஈரக்காலோடு ஏறுவோரும், பாட்டாவோடு ஓட்டுவோரும் நாங்கள். இளைஞர்கள் அழகுக்குப் பூட்டும் வழுக்கும் அலுமினியத் தகடு எங்களுக்கு வேண்டாம். சிக்கிக்கொண்டால் கிளட்ச்சை மிதித்துக்கொண்டே பிரேக் பிடியுங்கள். ஓடும்போது திறப்பை முழுதாகத் திருப்பி எடுத்துவிடாதீர்கள், ஸ்ரியரிங் பூட்டிக்கொள்ளும்.

மறுநாள் யாழ்ப்பாணத்தில் வயது முதிர்ந்த ஒரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனோம். ஒட்டிய துண்டை வெட்டி எறிந்தார். தண்டை நிமிர்த்தினார். மனுவல் காரொன்றின் ஒடுங்கிய பிரேக் மிதியைத் தேடிப் பூட்டினார். கம்பியைப் புதிதாக மாற்றி, தானே காரில் ஏறிப் பண்ணைப் பாலம் வரை ஓட்டிப் பார்த்தார். கூலியைச் சொன்னபோது மச்சான் வழக்கம்போல் பேரம் பேசத் தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுக் கேட்ட பணத்தைக் கொடுத்தேன். ரொறன்ரோவுக்கு அனுப்பிய கணக்கில் அந்தத் தொகையைச் சேர்க்கவில்லை.