சொல்லத் தெரியாத குழந்தைக்குச் சொல் கொடுப்போம்

புதுதில்லி: மாநிலங்களவையில் 2019 ஜூலை 24-ஆம் தேதி, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தில் (போக்ஸோ) திருத்தம் செய்யும் மசோதா விவாதிக்கப்பட்டது. அப்போது பேசிய திரிணமூல் காங்கிரஸ் உறுப்பினர் டெரிக் ஓ பிரையன், தமது 13-ஆவது வயதில் கொல்கத்தாவில் நெரிசல் மிகுந்த பேருந்தில் தமக்கு நேர்ந்த பாலியல் துன்புறுத்தலை அவையில் வெளிப்படையாகத் தெரிவித்தார். அதைத் தாயாரிடம் சொல்லவே பல ஆண்டுகள் ஆயிற்று என்றும் கூறினார்.

பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கே வாய் திறக்க இயலவில்லை எனில், ஆறு வயதுக் குழந்தையின் நிலை என்ன? அன்றைய மசோதா, கொடிய குற்றங்களுக்கு மரண தண்டனை வரை விதிக்க வழிசெய்தது. ஆனால், குழந்தை வாய் திறந்தால்தானே புகார் வரும்; புகார் வந்தால்தானே சட்டம் பேசும்?

மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இங்கு நினைவுகூரத்தக்கது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்ததில், 53.22 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். துன்புறுத்தியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் குழந்தை அறிந்த, நம்பிய மனிதர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை. "முன்பின் தெரியாதவரிடம் பேசாதே' என்ற ஒற்றை அறிவுரை எத்துணை போதாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதற்கிடையே, 2009-இல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது எனப் பரிந்துரைத்தது. அது வளரிளம் பருவத்தினருக்கான பாடத்திட்டம் குறித்த சர்ச்சை. ஆனால், தன் உடல் தனக்குரியது, பிடிக்காத தொடுதலை மறுக்கலாம், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்லலாம் என்று சின்னஞ்சிறு குழந்தைக்குக் கற்றுத் தருவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதி ஒதுங்கிக் கொள்வது அறியாமை.

போக்ஸோ சட்டம் 2012 நவம்பர் 14-இல், குழந்தைகள் தினத்தன்று நடைமுறைக்கு வந்தது. 2020-இல் வெளியான அதன் விதிகள், தனிநபர் பாதுகாப்பு குறித்து வயதுக்கேற்ற பாடப்பொருளை மத்திய, மாநில அரசுகள் தயாரிக்க வேண்டும் எனக் கூறுகின்றன. ஆக, இது ஆசிரியரின் விருப்பம் அல்ல, அரசின் கடமை.

எப்படிக் கற்பிப்பது என்பதே அடுத்த கேள்வி. கரும்பலகையில் எழுதிப் போட்டு ஒப்பிக்கச் சொன்னால் குழந்தை அஞ்சும் அல்லது சிரிக்கும். பொம்மலாட்டத்தில் வரும் முயலுக்கு ஒரு சங்கடம் நேர்ந்தால், "முயலே, அம்மாவிடம் சொல்' என்று வகுப்பே குரல் கொடுக்கும். தனக்கு நேர்ந்ததைச் சொல்லக் கூசும் குழந்தை, முயலுக்கு நேர்ந்ததைத் தயங்காமல் பேசும். "வேண்டாம்' என்று உரக்கச் சொல்லவும், அங்கிருந்து விலகி ஓடவும் நாடகத்தில் நடித்துப் பழகலாம். தனக்கு உதவும் ஐந்து பெரியவர்களை விரல்களில் வரைந்து வைத்துக் கொள்ளலாம். 1098 என்ற உதவி எண்ணைப் பாட்டாகப் பாடினால் மறக்காது.

இதற்கான வசதி இல்லை என்று சொல்வதற்கில்லை. தில்லியில் 1979 முதல் செயல்படும் பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் ஆசிரியர்களுக்குப் பொம்மலாட்டப் பயிற்சி அளித்து வருகிறது. தேசிய நாடகப் பள்ளி, 1989-இல் கல்விக்கான நாடகக் குழுவைத் தொடங்கியது. கலையோடு இணைந்த கற்பித்தலை 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் வலியுறுத்துகிறது. இல்லாதது நேரமே. கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது ஓவிய வகுப்புதான்.

சில எச்சரிக்கைகளும் தேவை. குழந்தை வரைந்த படத்தைக் கொண்டு குற்றம் நடந்ததாக முடிவு கட்டக் கூடாது. கலை வகுப்பு விசாரணைக் கூடம் அல்ல. எனினும், ஒரு குழந்தை மனம் திறந்தால், போக்ஸோ சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. பள்ளியின் பெயர் கெடும் என அஞ்சி மூடி மறைக்கும் நிர்வாகத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. ஆசிரியர்களுக்கு இதைத் தெரிவிக்காமல் பொம்மையை மட்டும் கையில் கொடுத்துப் பயனில்லை.

அனைத்துக்கும் மேலாக, "வேண்டாம்' என்று சொல்லக் கற்றுக் கொடுத்துவிட்டு, சொல்லாத குழந்தையைக் குறை கூறும் நிலை வந்துவிடக் கூடாது. பாதுகாப்பது பெரியவர்களின் பொறுப்பு. குழந்தையின் பொறுப்பு அல்ல.

ஆண்டுக்கு ஒரு நாள் விழிப்புணர்வு வாரம் என்று கொண்டாடி, பதாகை பிடித்துப் படம் எடுத்துக் கொள்வதால் எதுவும் மாறாது. ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் கால அட்டவணையில் இதற்கென ஒரு வகுப்பு, பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், சொல்வதைக் கேட்க ஒரு காது - இவை போதும். தண்டனையைக் கடுமையாக்க அவையில் ஒருமித்துக் கை உயர்த்திய உறுப்பினர்கள், 2020 விதிகள் எத்தனை பள்ளிகளில் வகுப்பறையை எட்டியுள்ளன என்றும் அரசிடம் கேட்க வேண்டும்.