திருச்சுழிக் குளத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டும்

மாசிப் பௌர்ணமிக்கு முந்தைய பத்து நாளும் திருச்சுழி திருமேனிநாதர் கோயில் குளத்தில் தண்ணீர் ஏறும், அடுத்த பத்து நாளில் பழைய மட்டத்துக்கே இறங்கிவிடும் என்பது ஊர்வழக்கு. 1879 டிசம்பர் 30 அன்று இவ்வூரில் பிறந்த ரமண மகரிஷி, சிறுவயதில் கூட்டாளிகளோடு படிகளில் குறி போட்டு இந்த ஏற்றத்தைக் கவனித்ததைப் பின்னாளில் ஆசிரமத்தில் சொல்லியிருக்கிறார். அந்தத் தண்ணீரில் வெள்ளி நகை கறுத்துப்போகும் என்றும் அவர் சொன்னதுண்டு.

வெள்ளி கறுப்பது பெரும்பாலும் கந்தகச் சேர்மங்களின் வேலை. அவை ஆழத்து ஊற்றிலிருந்து வரலாம். குளத்தடிச் சேற்றில் மக்கும் இலை தழையிலிருந்தும் வரலாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து இரண்டு மாதம் கழித்து நீர்மட்டம் ஏன் உயர வேண்டும் என்பதும் நிலத்தடி நீரைப் படிப்பவர்களுக்குச் சுவையான கேள்வி. குண்டாறு பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் வானம் பார்த்த பூமி இது.

இங்கிலாந்தின் பாத் நகரம் இப்படியொரு நீரை முதலாக வைத்துத்தான் பேர் வாங்கியது. சுமார் 46 டிகிரி சூட்டில் நாளொன்றுக்குப் பதினொரு லட்சம் லிட்டருக்கு மேல் ஊறும் வெந்நீர் ஊற்று, அதையொட்டி ரோமானியர் எழுப்பிய கோயில், குளியல் தொட்டிகள். 1987இல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் நம்மவர்கள் நின்று பார்க்க வேண்டியவை ஈயத் தகடுகள். குளிக்கப் போன இடத்தில் துணியையும் காசையும் பறிகொடுத்தவர்கள், திருடனைத் தண்டிக்கும்படி ஊற்றுத் தெய்வத்துக்கு எழுதிப் போட்டவை. கோயிலில் காசு வெட்டிப் போடும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு அதில் அந்நியம் எதுவும் தெரியாது.

அதே ஊரில் 1978இல், அந்த நீரில் நீந்திய சிறுமி ஒருத்தி, அதிலிருந்த அமீபாவால் மூளை பாதிக்கப்பட்டு இறந்தாள். ரோமானியத் தொட்டி இன்று பார்ப்பதற்கு மட்டும்தான். பொதுமக்கள் குளிக்க 2006இல் வேறு கட்டடம் திறந்தார்கள். திருச்சுழிக் குளத்துச் சேற்றைப் பூசிக் குளித்தால் நோய் தீரும் என்று விளம்பரப் பலகை வைக்க ஆசைப்படுவோர் இதை மறக்கக்கூடாது. முதலில் பரிசோதனை, பிறகு பலகை.

ரமணர் பிறந்த வீடான சுந்தர மந்திரத்துக்கு வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வந்தவர்கள் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு, கோயிலையும் கும்பிட்டுவிட்டு மதுரைக்குத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே குண்டாற்றங்கரையில் பள்ளிமடம். சுந்தரபாண்டியன் என்ற மன்னனின் பள்ளிப்படை அங்கே கோயிலாக நிற்கிறது. அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கோவிலாங்குளத்திலோ, முதலாம் குலோத்துங்கனின் 48ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, முக்குடையார் கோயிலுக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் நிலம் விட்டதைச் சொல்கிறது. முக்குடையார் சமண அருகர். தெய்வத்துக்குக் கொடுத்தபோதே வழிப்போக்கனின் தாகத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள். கரிசல் பூமியின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதிவிட முடியாது.

இந்த இடங்களைத் தண்ணீர் என்ற ஒரே சரட்டில் கோக்கலாம். கோடிக்கணக்கில் கட்டடம் எழுப்பிக் குளிர்சாதனம் மாட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிக் கட்டி, காப்பாளர் பணியிடம் காலியாகக் கிடந்தால் யாருக்கு லாபம்? படித்துறையில் ஓர் அளவுகோல், பள்ளிப் பிள்ளைகள் கையில் ஒரு பதிவேடு, ஆண்டுக்கொரு முறை நீர்ப் பரிசோதனை, கல்வெட்டுகளை இன்றைய தமிழில் சொல்லும் பலகைகள், கூட்டிப்போய்க் காட்ட ஊர் இளைஞர் நாலு பேர். இவ்வளவு போதும், தொடங்கிவிடலாம்.

அறநிலையத் துறையும் தொல்லியல் துறையும் மாவட்ட நிர்வாகமும் ஒருமுறை சேர்ந்து உட்கார வேண்டும். வருகிற மாசிக்குள் அளவுகோலையாவது நட்டுவிடுங்கள்.