கூத்தருக்கு ஒரு மடல்

"வளர்ந்தவர் கலைஞருக்குக் கடிதம் எழுதுவதா? சிறுபிள்ளைத்தனம்!" என நகைப்போர் உளர். நான் உடன்படேன். திரைநடிகருக்கு மடல்கள் மூட்டை மூட்டையாய்க் குவிந்ததுண்டு. விடிய விடியக் கட்டைக்கூத்து ஆடுபவருக்கு எழுதுவார் யார்?

காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தோன்றிய கூத்துக் குருகுலம் சிறுமியரையும் மேடையேற்றியது, 2020இல் மூடப்பட்டது. ஒரகடம் ஆலைகளோ இளைஞரை மாதச் சம்பளத்துடன் அழைக்கின்றன. அப்பிழைப்பைக் குறை கூறேன். ஆனால் கூத்தில் நிற்பவனுக்குக் கூலி மட்டும் போதாது; கண்டவர் சொல்லும் வேண்டும்.

'பதினெட்டாம் போர்' துரியோதனனுக்கு நான் எழுதினேன். நண்பர்களே, நீங்களும் எழுதுங்கள். வெறும் புகழ்ச்சி வேண்டா. எந்த அடவு, எந்தப் பாட்டு நெஞ்சைத் தொட்டதெனக் குறிப்பிடுங்கள். அதற்கு முதிர்ந்த கண் வேண்டும். ஆகவே, அது வளர்ந்தவர் கடமையே!