வேகக் கணினிக்கு எந்தச் செயலி?

இத்திங்கள் நம் பகுதிக்கு வந்த மடல்களுள் ஒன்று, செம்பூரிலிருந்து அன்பர் ஒருவர் வரைந்தது. மூத்த மகள் பொறியியற் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். இளையவன் பத்தாம் வகுப்பு. இல்லத்தரசியார் வீட்டிலிருந்தபடியே தணிக்கையாளர் ஒருவருக்குக் கணக்கு எழுதித் தருகிறார். மூவருக்கும் பயன்படத்தக்க வேகமான கணினி ஒன்றை, உறுப்பு உறுப்பாக வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம் என்று எண்பதினாயிரம் ரூபாய் சேர்த்து வைத்துள்ளார். லாமிங்டன் சாலைக் கடை ஒன்றில் எழுதிக் கொடுத்த விலைப்பட்டியலையும் உடன் அனுப்பி, வாங்கலாமா, வேண்டாவா என்று வினவியுள்ளார்.

பட்டியலைக் கண்ணுற்றோம். செயலி ஒன்றிற்கே ஏறத்தாழச் சரிபாதித் தொகை போய்விட்டது. அதைத் தாங்கும் மதர்போர்டுக்கு அடுத்த பெரும்பங்கு. எஞ்சியதில் ரேம் எட்டே ஜி.பி.; எஸ்.எஸ்.டி. 256 ஜி.பி.; மின்சாரம் வழங்கும் பெட்டிக்கோ பெயரே இல்லை. திருமணத்தில் நாதசுரக் கச்சேரிக்கே பணத்தையெல்லாம் கொடுத்துவிட்டுப் பந்தியில் பாதிப்பேரைப் பசியோடு எழுப்பியது போன்ற ஏற்பாடு இது. கடைக்காரரைக் குறை கூறுவதற்கில்லை. வேகமானது வேண்டும் என்று கேட்டால், எண் பெரிதாக உள்ளதை எடுத்துக் காட்டுவது வணிகர் இயல்பு. எந்த வேலைக்கு வேகம் என்று முதலில் தெளியவேண்டியவர்கள் வாங்குவோராகிய நாமே.

செயலி என்பதைக் கடைத்தெருவில் ப்ராசஸர் என்பார்கள். கணக்குகளையெல்லாம் போட்டு முடிக்கும் சில்லு அது. 1971-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று நம் வீட்டுக்கு வரும் சில்லுகளில் அவை பல நூறு கோடி. ஆயினும் அதன் வேலையை விளங்கிக்கொள்ள நம் அடுக்களையே போதும்.

செயலியின் உள்ளே தனித்தனியே வேலை பார்க்கும் பகுதிகளைக் கோர் என்பர். ஆறு கோர் எனில் ஆறு சமையற்காரர்கள். கிகாஹெர்ட்ஸ் என்பது அவர்களுடைய கைவேகம். ஐந்நூறு பேருக்கு விருந்து எனில் பதினாறு பேர் இருந்தாலும் வேலை உண்டு; ஒருவர் காய் நறுக்க, ஒருவர் தேங்காய் துருவ, ஒருவர் அப்பளம் பொரிக்க, எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும். நால்வருக்கு ஒரு குழம்பு வைக்கப் பதினாறு பேர் நின்றால் என்ன ஆகும்? ஒருவர் கிண்டுவார், பதினைவர் வேடிக்கை பார்ப்பர். காணொளியைத் தொகுத்து இறுதிக் கோப்பாக மாற்றுவது, பெரிய நிரல்களைத் தொகுப்பது ஆகியவை விருந்துச் சமையல். கணக்கெழுதும் மென்பொருள், இணைய உலாவி, பாடக் குறிப்பு, ஏன், பொறியியல் வரைபட மென்பொருள்களில் மாதிரியை உருவாக்கும் பெரும்பகுதி வேலையும் குழம்புச் சமையலே. அங்கே வேண்டுவது ஆள் எண்ணிக்கை அன்று. ஓர் ஆளின் திறமை.

கேஷ் என்று ஒன்று சொல்வார்கள். அது அஞ்சறைப்பெட்டி. கடுகும் மஞ்சளும் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் தாளிப்பு தடைப்படாது. இல்லையேல் ஒவ்வொரு முறையும் சரக்கறைக்கு நடக்கவேண்டும். ரேம் அந்தச் சரக்கறை, எஸ்.எஸ்.டி. தெருமுனைக் கடை. ஏ.எம்.டி. நிறுவனத்தின் எக்ஸ்3டி என முடியும் செயலிகளில் சில்லோடு சில்லாக அடுக்கிப் பெரிய அஞ்சறைப்பெட்டியை அமைத்துள்ளார்கள். 2024 நவம்பரில் வந்த ரைசன் 7 9800எக்ஸ்3டி செயலியில் எட்டுக் கோரும் 96 எம்.பி. கேஷும் உள்ளன. விளையாட்டுகளில் அது காட்டும் வேகம் பெரிது. விலையும் அப்படியே, தனியே ஒரு சிறந்த கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் அதை வாங்குவதிற் பயனில்லை. (இளையவனின் கருத்தை அன்பர் எழுதவில்லை. என்னவாக இருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொண்டோம்.)

ஆகவே செம்பூர் அன்பருக்கு நாம் கூறுவது இது: ஆறு கோர் உள்ள நடுத்தரச் செயலி அவர் குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும். ஏ.எம்.டி. பக்கம் ரைசன் 5 7600. இன்டெல் பக்கம் ஆறு பெரிய கோரும் நான்கு சிறிய கோரும் கொண்ட ஐ5-14400. இரண்டும் 65 வாட் வகை. இரண்டிலும் திரைக்குப் படம் காட்டும் கிராஃபிக்ஸ் உள்ளேயே உண்டு. மிஞ்சும் தொகையில் ரேமை 16 ஜி.பி. ஆக்குக, இயன்றால் 32. எஸ்.எஸ்.டி. ஒரு டி.பி. ஆகட்டும். மின்வழங்கி பெயர் பெற்றதாக இருக்கட்டும். மகள் நாள்தோறும் காணொளி தொகுக்கும் தொழிலுக்குப் போகிறாள் எனில், எட்டோ அதற்கு மேலோ கோர் உள்ளதைக் கருதலாம், அதுவரை வேண்டா.

கடைக்குச் செல்லுமுன் எழுத்துகளின் பொருளை அறிதல் நலம். இன்டெல் செயலியின் எண்ணுக்குப் பின் எஃப் என்று நின்றால் உள்கிராஃபிக்ஸ் கிடையாது. சில நூறு அல்லது சில ஆயிரம் மலிவு என்று அதை வாங்கி வந்து, பூட்டி, திரை இருண்டு கிடப்பதைக் கண்டு திகைத்தோர் உண்டு. கே என்றால் வேகத்தை நாமே கூட்டிக்கொள்ள இடம் தருவது; அதற்கேற்ற மதர்போர்டும் குளிர்விப்பானும் தனிச்செலவு. ஏ.எம்.டி.யில் ஜி என்றால் உள்கிராஃபிக்ஸ் வலிவாக இருக்கும்.

ஐ7 என்ற பெயரொன்றைக் கண்டே மயங்குவோரும் நம்மிடையே பலர். 2013-இல் வந்த ஐ7-4770 செயலிக்கு நான்கு கோர்; 2022-இல் வந்த ஐ3-12100 செயலிக்கும் நான்கு கோர். பின்னது பெயரால் தம்பி, வேகத்தால் அண்ணன். பழைய அலுவலகக் கணினிகளைத் துடைத்து 'ஐ7' என்று ஒட்டி மலிவாக விற்கும் கடைகள் எல்லா நகரங்களிலும் உள்ளன. அவ்வளவு பழைய செயலிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் இது சிறிய செய்தி அன்று.

நாளைக்குச் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ள இயலுமா என்பதும் காணத்தக்கது. செயலி அமரும் பீடத்தைச் சாக்கெட் என்பர். ஏ.எம்.டி.யின் ஏஎம்4 பீடம் 2017-இல் ரைசனோடு பரவியது; அவ்வாண்டு வாங்கிய பல பலகைகளில், பயாஸைப் புதுப்பித்தபின், 2022-இல் வந்த செயலியையும் பொருத்த முடிந்தது. ஐந்தாண்டுக்குப் பின்னும் பழைய பலகையே கைகொடுத்தது, நடுத்தரக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய உதவி! 2022-இல் வந்த ஏஎம்5 பீடத்தை 2027 வரையேனும் ஆதரிப்பதாக அந்நிறுவனம் அறிவித்துள்ளது. இன்டெல்லின் எல்ஜிஏ1700 பீடம் மூன்று தலைமுறைகளைச் சுமந்தது. 2024 அக்டோபரில் வந்த புதிய வரிசைக்கு வேறு பீடம் வந்துவிட்டது. எனவே ஐ5-14400 வாங்குவோர் அப்பலகையில் மேலே ஏறுவதற்கு அதிக இடமில்லை என்பதை அறிந்தே வாங்கவேண்டும். இக்காரணத்தால் நம் மனம் ரைசன் பக்கமே சற்றுச் சாய்கிறது.

ஒரு விலக்கு உண்டு. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டதால், ரேம் விலை கடுமையாக ஏறியது. ஏஎம்5 பலகைகள் டிடிஆர்5 வகை ரேமை மட்டுமே ஏற்கும். எல்ஜிஏ1700 பலகைகளில் டிடிஆர்4 ஏற்பனவும் உண்டு. வீட்டுப் பழைய கணினியில் நல்ல டிடிஆர்4 ரேம் இருப்பின், அதைக் கழற்றி இங்கே பூட்டினால் பெருந்தொகை மிச்சம். பலகை எந்த வகையை ஏற்கும் என்று பார்த்து வாங்குக. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது.

வெயிலையும் மறத்தலாகாது. இன்டெல் ஐ9-14900கே உச்ச வேலையில் 253 வாட் வரை இழுக்கக்கூடியது. மே மாதத்து மும்பையில், குளிர்சாதனம் இல்லாத ஓர் அறையில், அது அடுப்பொன்றை மூட்டி வைத்தது போலத்தான். வெப்பம் நூறு பாகையை நெருங்கும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய வேகம் வேனிலில் கரைந்துபோகும்.

பழைய செயலி வாங்க நினைப்போருக்கு ஓர் எச்சரிக்கை. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை உயர் ஆற்றல் வகைகளிற் சிலவற்றில் மின்னழுத்தம் அளவுமீறிச் சென்று சில்லு நாளடைவில் நலிவுறுவது 2024-இல் வெளிப்பட்டது. நிறுவனம் அவ்வாண்டே திருத்தம் வெளியிட்டு, பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதத்தை ஈராண்டு நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே நலிந்த சில்லைத் திருத்தம் குணப்படுத்தாது. முன்பு எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று தெரியாத ஐ9-ஐ மலிவென்று இரண்டாம் கையில் வாங்குவது நமக்கு உடன்பாடன்று.

நேரு பிளேஸ், லாமிங்டன் சாலை, பெங்களூரு எஸ்.பி. சாலை, எங்கு வாங்கினும் முத்திரை உடையாத பெட்டியாக, வரிசை எண் குறித்த ரசீதோடு வாங்குக. பெட்டியில்லாமல் தட்டில் வைத்துத் தரும் செயலி சற்று மலிவு; உத்தரவாதம் யார் தருவது என்பதை எழுத்தில் பெற்ற பின்னரே பணம் கொடுக்கவேண்டும். தேர்ந்த பலகையின் பயாஸ் அச்செயலியை அறியுமா என்று கேட்டு, கடையிலேயே பொருத்தித் திரையில் படம் வரக் கண்டு வருதல் நன்று.

மின்வழங்கியையும் யு.பி.எஸ்.ஸையும் தேர்வது பற்றி அடுத்த இதழில் எழுதுவோம். அன்பர்கள் தங்கள் விலைப்பட்டியல்களையும் அனுப்பி உதவலாம்.