நாகசுரம் யாருக்கு உரியது?

ஆந்திர மாநிலத்தின் தென்பகுதியில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே அமைந்த ஊர் புத்தூர். எலும்பு முறிவுக்குப் போடப்படும் ‘புத்தூர்க் கட்டு’ இவ்வூரின் பெயரைத் தமிழகமெங்கும் பரப்பியது. இங்குக் குடியேறிய தமிழர்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசுகின்றனர். திருமணங்களிலும் கோயில் விழாக்களிலும் அவர்கள் கேட்கும் மங்கல இசை இருமொழியினருக்கும் பொதுவானது. தமிழர் ‘தவில்’ என்பதைத் தெலுங்கர் ‘டோலு’ என்பர். அதனுடன் இணைந்து ஒலிக்கும் நாகசுரம் ஒன்றே.

அருகிலுள்ள திருப்பதியில், திருமலை திருப்பதி தேவஸ்தானம் இசை நடனக் கல்லூரி ஒன்றையும், நாகசுரத்திற்கும் டோலுவிற்கும் எனத் தனிப்பள்ளி ஒன்றையும் நடத்தி வருகிறது. ஆயினும், நாகசுரம் பயில விரும்பும் பிள்ளைகளிடம் பெரியோர் சிலர் இரண்டு தடைகளைக் கூறுவர். ‘அது தஞ்சை மண்ணின் கலை, வேற்று மாநிலத்தில் வளரும் பிள்ளைக்கு வாராது’ என்பது ஒன்று. ‘படிப்புக் கெடும்’ என்பது மற்றொன்று.

முதல் தடைக்கு ஷேக் சின்ன மௌலானாவின் வாழ்க்கையே விடையாகும். அவர் 1924ஆம் ஆண்டு ஆந்திரத்தின் கரவதி என்னும் ஊரில் பிறந்தார். தாய்மொழி தெலுங்கு; சமயம் இஸ்லாம். நாகசுரக் குடும்பத்தில் பிறந்தும், பிறப்பு மட்டும் போதும் என்று அவர் அமைந்துவிடவில்லை. தஞ்சைப் பாணியைக் கற்க விரும்பி, நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவராக அமர்ந்தார். பின்னர்த் திருவரங்கத்தில் குடியேறி, 1982இல் அங்கே ஒரு நாகசுரப் பள்ளியை நிறுவினார். 1998இல் சென்னை மியூசிக் அகாதெமியின் ‘சங்கீத கலாநிதி’ விருதைப் பெற்றார். அவரிடம் பயின்ற காலீஷாபி, மகபூப் சுபானி இணையர் 2020ஆம் ஆண்டிற்கான பத்மஸ்ரீ விருது பெற்றனர். தெலுங்கு நாட்டவர் ஒருவருக்குத் தஞ்சைப் பாணி வசப்பட்டது எனில், தெலுங்கு நாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு அது ஏன் வசப்படாது?

இரண்டாம் தடையையும் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. இசைப் பயிற்சிக்கு நாள்தோறும் நேரம் வேண்டும். இசை கற்றால் தேர்வில் மதிப்பெண் கூடும் என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால், அப்பயிற்சி வேறொன்றைத் தருகிறது. சீவாளியில் ஊதித் தெளிவான ஓர் ஒலியை எழுப்புவதற்கே பல நாள் உழைக்க வேண்டும். பின்னர்ச் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எனப் படிப்படியாக ஏற வேண்டும். ஒரு சுரம் பிசகினால் அதைத் தன் காதாலேயே கண்டறிந்து, மீண்டும் வாசித்துத் திருத்த வேண்டும். தன் பிழையைத் தானே கேட்டறியும் இப்பொறுமை, கணக்கிற்கும் மொழிக்கும் தேவையானதே.

இதற்கு இசைப்பள்ளி ஏன் வேண்டும்? நாகசுரம் திறந்த வெளியில் நெடுந்தொலைவு கேட்கும் கருவி. நெருக்கமான வாடகை வீடுகளில் அதை அன்றாடம் ஊதிப் பழகுதல் அரிது. பள்ளியிலோ பழக இடமுண்டு. திருத்த ஆசிரியர் உண்டு. உடன் பிழைசெய்து உடன் முன்னேறத் தோழரும் உண்டு.

பயிலும் எல்லாரும் வித்துவான் ஆகிவிடுவதில்லை. ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆயினும், நாகசுரம் பிறந்த ஊரையும் பேசும் மொழியையும் கேட்பதில்லை. மூச்சையும் உழைப்பையுமே கேட்கிறது. அவ்விரண்டையும் தர முன்வரும் பிள்ளைக்கு அது உரியது. அப்பிள்ளையைத் தடுக்காமல் இசைப்பள்ளிக்கு அனுப்புவது பெற்றோர் கடமை.

அருஞ்சொற்பொருள்
சீவாளி – நாகசுரத்தின் முனையில் பொருத்தி ஊதும் நாணல் துண்டு
பாணி – வாசிக்கும் முறை
பிசகுதல் – தவறுதல்
வசப்படுதல் – கைவருதல்

சிந்தித்து எழுதுக
1. பெரியோர் கூறும் இரண்டு தடைகள் யாவை?
2. ‘படிப்புக் கெடும்’ என்னும் கருத்தை நீ ஏற்கிறாயா? காரணம் தருக.