ஊசிக்குப் பயப்படலாம், ஒளியக் கூடாது!



ஆஸ்பத்திரி வாசனை வந்தாலே உங்களில் யாருக்காவது வயிற்றைக் கலக்குமா? எனக்குக் கலக்கும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். சிரிக்கிறவங்க சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

போன வருஷம் என் காலில் ஆணி குத்திவிட்டது. சொன்னால் ஊசி போடக் கூட்டிப் போவார்கள் என்று மஞ்சளை வைத்து மறைத்துவிட்டேன். "என்னாடி நொண்டுற?" என்று ஆயா கேட்டதற்கு, "சுளுக்கு ஆயா" என்று பொய் சொன்னேன். மூன்றாம் நாள் கால் வீங்கி, குட்டு வெளிப்பட்டது. ஒரே ஊசியோடு முடிய வேண்டியது கட்டு, மாத்திரை என்று ஒரு வாரம் இழுத்தது. ரண ஜன்னிக் கிருமி மண்ணில் இருக்கும், ஆழமான காயத்தில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து என்று பிறகுதான் அறிவியல் டீச்சர் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு நிஜமான பயம் வந்தது!

இந்த ஊசிப் பயம் எங்கிருந்து வந்தது? சின்ன வயதில் சோறு சாப்பிடாவிட்டால், "டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போடச் சொல்லுவேன்" என்பார்கள். நம் வீடுகளில் பூச்சாண்டிக்கு அடுத்தபடி டாக்டர்தான்! இப்படி வளர்த்துவிட்டு "ஏன் பயப்படுற?" என்று கேட்டால் எப்படி? தம்பி, தங்கைகளை நாமாவது அப்படி மிரட்டாமல் இருப்போம். "வலிக்கவே வலிக்காது" என்று பொய்யும் வேண்டாம். "கொஞ்சம் வலிக்கும், நான் கூடவே இருக்கேன்" என்றால் போதும்.

நம்ம புதுச்சேரியில் 1823-லேயே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அதன் வழியில் வந்ததுதான் ஜிப்மர். 1964-ல் அந்தப் பெயர் வந்தது. கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து கோரிமேட்டில் வரிசையில் நிற்கிறார்கள். பக்கத்திலேயே இருக்கிற நாம் ஒளிந்துகொள்வது நியாயமா?

"பயப்படாதே" என்று சொன்னால் மட்டும் பயம் போகாது. இதைச் செய்து பாருங்கள்:

1. "எனக்குப் பயமா இருக்கு சிஸ்டர்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். படுக்க வைத்தும் ஊசி போடலாம்.

2. டாக்டர் சொல்லாமல் வெறும் வயிற்றோடு போகாதீர்கள்.

3. ஊசியை, ரத்தத்தைப் பார்த்தால் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரும். அது கோழைத்தனம் இல்லை, உடம்பின் வேலை. கால்களையும் மற்றொரு கையையும் 10, 15 விநாடி இறுக்கி, பிறகு தளர விடுங்கள். நாலைந்து தடவை செய்யலாம். ஊசி போடும் கை மட்டும் தளர்வாகவே இருக்கட்டும்.

ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி 16 வயதில் மறுபடியும் உண்டு. இந்தத் தடவை ஓட மாட்டேன். அழுதாலும் அழுவேன், கையை நீட்டிக்கொண்டே அழுவேன்!

பயத்தைச் சொல்லுவோம்! காயத்தை மறைக்க மாட்டோம்!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி